ஓடும்போது சூடு, நிற்கும்போது பட்டினி: விசைப்படகின் ஸ்டார்ட்டிங் பேட்டரி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். பேட்டரியின் பக்கம் மட்டும் பல படகுகளில் யாரும் திரும்புவதில்லை. தடை முடிந்து, டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றி, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான் வரும், செல்ப் எடுக்காது. உடனே ஆளனுப்பிப் புது பேட்டரி வாங்குவார்கள். பழி, விற்ற கடைக்காரர் மேலும் டைனமோ மேலும் விழும்.

இந்தப் பழி சரியா என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். இழுவைப் படகின் டீசல் இன்ஜினைச் சுழற்ற 12 வோல்ட் செல்ப் மோட்டார் 400 ஆம்பியர் இழுக்கிறது, 3 விநாடியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவான மின்சாரம் 1,200 ஆம்பியர் விநாடி. அதாவது ஒரு ஆம்பியர் மணியில் மூன்றில் ஒரு பங்கு. 150 ஆம்பியர் மணி பேட்டரியில் இது கால் சதவீதத்துக்கும் குறைவு. 30 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர், இடையில் வீணாவதையும் சேர்த்துக்கொண்டால்கூட, ஒரு நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி காலியாவதில்லை. அதைக் காலி செய்வதும் கெடுப்பதும் மற்ற வேலைகள். எவை என்பது படகு எப்படித் தொழில் செய்கிறது என்பதைப் பொறுத்தது.

படகு பேட்டரி பராமரிப்பு பற்றி அச்சில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மேல்நாட்டு உல்லாசப் படகுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பாய்மரப் படகின் இன்ஜின், துறையை விட்டு வெளியேறவும் திரும்பி வந்து கட்டவும் அரைமணி நேரம் ஓடும். மற்ற நேரமெல்லாம் விளக்கும் குளிர்பெட்டியும் பேட்டரியில் ஓடும். அவர்களின் கவலை ஒன்றே ஒன்று: போதிய சார்ஜ் ஏறவில்லை. நம் இழுவைப் படகில் நிலைமை நேர்மாறு. மடியைக் கடலில் விட்டால் இன்ஜின் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும். சார்ஜ் ஏறவில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அதனால் அந்த அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, 'பெரிய டைனமோ போடு, வோல்டேஜை ஏற்று' என்று கிளம்பினால், ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் பேட்டரியை இன்னும் வேகவைப்பதில்தான் முடியும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வழக்கம் ஒன்றல்ல. தூத்துக்குடியில் விசைப்படகுகள் விடிகாலை போய் இரவில் திரும்பும் மரபு இருக்கிறது. பேட்டரிக்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது: தினமும் நீண்ட சார்ஜ், இரவில் ஓய்வு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்ற பழைய ஏற்பாடு. இடையிடையே வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை. அங்கே படகு கட்டிக் கிடக்கும் நாட்கள் அதிகம். காசிமேட்டிலிருந்து தங்கல் மீன்பிடிக்குப் போகும் படகுகள் நாட்கணக்கில் கடலிலேயே கிடக்கும். பகலில் இடைவிடாத சார்ஜ். இரவில் நங்கூரமிட்டு இன்ஜினை நிறுத்தினால் விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் பேட்டரியில். ஒரே கடையில் வாங்கிய ஒரே பேட்டரி இந்த மூன்று இடத்திலும் மூன்று விதமாகச் சாகும்.

கெட்டுப்போவதன் வேதியியலைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலம்தான் இன்றும் இன்ஜின் அறையில் உட்கார்ந்திருக்கிறது. 1881இல் காமில் ஃபோர் ஈயப் பசை பூசிய தகடுகளைக் கொண்டுவந்தார். 1911இல் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மின் ஸ்டார்ட்டரை உருவாக்க, அடுத்த ஆண்டே அது காடிலாக் கார்களில் ஏறியது. அதன் பிறகு அடிப்படை மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது திரும்பக் கரைகிறது. உடனே ஏற்றினால் சிக்கல் இல்லை, படிந்தது பொடியாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் விட்டால் பொடி இறுகிக் கட்டியான படிகமாகிவிடும். பிறகு எந்த சார்ஜருக்கும் எளிதில் கரையாது. மெக்கானிக் 'சார்ஜ் நிக்கல' என்று கைவிரிக்கும் பேட்டரிகளில் பல இப்படி ஆனவைதான்.

தடைக்காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல், எங்கோ ஒரு சின்ன விளக்கோ, கருவியின் நினைவகமோ, ஈரம் ஏறிய வயர் இணைப்போ வெறும் 50 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 61 நாளில் 73 ஆம்பியர் மணி. 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறையப் பாதி, யாரும் தொடாமலேயே போய்விட்டது. இதோடு பேட்டரி தன்னைத்தானே இழப்பதும் சேரும். தகட்டில் ஆன்டிமனி கலந்த பழைய வகை, கால்சியம் கலந்த புதிய வகையைவிட வேகமாகத் தானே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கிழக்குக் கரையில் தடை விழுவதோ சித்திரை, வைகாசியில். அக்னி நட்சத்திரம் முழுவதும் மூடிய இன்ஜின் அறைக்குள் இருக்கும் பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட காலம் வேறில்லை.

பரிகாரம் மலிவானதுதான். படகு நிற்கும்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுவது முதல் வேலை. மெயின் சுவிட்சை மட்டும் நம்ப முடியாது, சுவிட்சுக்கு முன்னாலேயே யாராவது ஒரு வயரை எடுத்து இணைத்திருப்பார்கள். படகுகளில் அது சகஜம். இரண்டாவது, 20 வாட் சோலார் பேனல் ஒன்றும் அதற்கேற்ற சிறிய கன்ட்ரோலரும். நம் வெயிலில் நாளைக்கு 4 ஆம்பியர் மணிக்குக் குறையாமல் கிடைக்கும். மேலே சொன்ன கசிவையும் தன்னிழப்பையும் சேர்த்து ஈடுகட்டி மிச்சமும் இருக்கும். கன்ட்ரோலரை விட்டுவிட்டு நேரடியாகப் பேனலை இணைப்பவர்கள் உண்டு. அப்படி இணைத்தால் பேட்டரி நிறைந்த பிறகும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் வற்றும். படகைக் கரையேற்றி இன்ஜின் அறையையே பிரிக்கப்போகிறார்கள் என்றால் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜரில் போட்டாலே போதும். இந்த ஒரு மாத இடைவெளியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

இனி ஓடும் படகு. இங்கே எதிரி வெப்பம். பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜ் நிலையானது அல்ல. சூடு கூடக் கூடக் குறைய வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 24 மில்லிவோல்ட் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 25 டிகிரியில் 14.4 வோல்ட் சரி என்றால், 50 டிகிரி இன்ஜின் அறையில் 13.8 வோல்ட் போதும். லாரிக்கென வடிவமைத்த ரெகுலேட்டர், பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. லாரியில் பேட்டரி சேஸிஸ் ஓரத்தில் காற்றோட்டமாக இருக்கும். படகிலோ இன்ஜினை ஒட்டி, புகைக்குழாய்ப் பக்கம் எங்காவது. தங்கல் படகில் பல நாள் தொடர்ந்து ஓடும்போது உபரி மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் வெளியேற்றும். தகட்டின் மேல்முனை வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி உலர்ந்து பயனற்றுப்போகும். பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. பேட்டரிப் பெட்டியை இன்ஜின் அறைக்கு வெளியே, நிழலும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றுவது விலை கூடிய எந்த சார்ஜரையும்விடப் பெரிய லாபம் என்பது என் கருத்து. கேபிள் நீளமாகும் என்பது உண்மை. தடித்த கேபிள் போட்டால் தீர்ந்தது.

தண்ணீர் ஊற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது. போர்வெல் தண்ணீரில் உள்ள இரும்பும் குளோரைடும் தகட்டைத் தின்னும். அளவு குறைந்தால் ஆசிட் ஊற்றும் பழக்கம் அதைவிட மோசம்: ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் அல்ல. தகட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி, முடிந்தவரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜுக்கு முன்னால் விளிம்புவரை ஊற்றினால் கொதித்து வெளியே வழியும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், ஆகவே மூடிய அறையில் பீடியோடு குனிந்து பார்ப்பது நல்லதல்ல. பெட்டி அடித்தட்டில் தேங்கும் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

நங்கூரமிட்ட இரவுகளின் கதை வேறு. ஸ்டார்ட்டிங் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே விநாடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காகப் பரப்பைக் கூட்டிச் செய்தவை. அதே பேட்டரியில் விளக்கும் வயர்லெஸும் சேர்ந்து 10 ஆம்பியர் வீதம் 6 மணி நேரம் இழுத்தால் 60 ஆம்பியர் மணி போகும். இப்படி ஆழமாக இறங்கி ஏறுவதை மெல்லிய தகடு சில பத்து தடவைக்கு மேல் தாங்காது. பசை உதிர்ந்து அடியில் தேங்கும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி இந்த வேலைக்கென்றே பிறந்தது. ஆனால் அதை வைத்து இன்ஜினைச் சுழற்றப் பார்த்தால், உள்தடை கூடுதல் என்பதால் திணறும். ஆக இரண்டு வேலைக்கு இரண்டு பேட்டரி, இரண்டையும் ஒரே ஆல்டர்னேட்டர் நிரப்ப வேண்டும் என்ற நிலை வருகிறது. நடைமுறையில் உண்மையான விவாதம் நடப்பது இங்கேதான்.

பழைய வழி கையால் திருப்பும் சுவிட்ச்: ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, அணை. மலிவு, எளிது, ஆனால் திருப்ப மறக்கும் மனிதரை நம்பியிருக்கிறது. இரண்டையும் சேர்த்த நிலையில் விட்டு ஆட்கள் தூங்கிவிட்டால் விடியும்போது இரண்டும் காலி. இன்ஜின் ஓடும்போது 'அணை' பக்கம் திருப்பினாலோ, போக இடமில்லாத மின்சாரம் வோல்டேஜாக எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளைச் சுட்டுவிடும். அடுத்தது டையோடு ஐசொலேட்டர். யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் சாதாரண டையோடு 0.6, 0.7 வோல்ட்டைத் தானே விழுங்கும். 14.2 கொடுத்தால் பேட்டரிக்கு எட்டுவது 13.5. ரெகுலேட்டர் அந்த இழப்பை அறியும்படி வயர் கொடுக்காவிட்டால் பேட்டரி என்றைக்கும் நிறையாது. மூன்றாவது, வோல்டேஜ் பார்த்து இணையும் ரிலே. ஸ்டார்ட்டிங் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8க்குக் கீழே போனால் பிரிக்கும். இன்ஜினுக்கு முதல் பந்தி, விளக்குக்கு இரண்டாம் பந்தி. நீண்ட நேரம் ஓடும் இழுவைப் படகுக்கு இது போதும், இதற்கு மேல் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன். கடைசி வகையான டி.சி.-டி.சி. சார்ஜர், லித்தியம் பேட்டரியை விளக்குக்குப் போடுபவர்களுக்கு அவசியம். லித்தியம் தன் பசிக்கு ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கொன்றுவிடக்கூடியது. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால் மேலே சொன்ன டையோடு விபத்தும் நேரும்.

24 வோல்ட் இன்ஜின் வைத்த படகுகளில் ஒரு தனி நோய் உண்டு. மற்றவற்றைவிட இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 ஆக்குகிறார்கள். வயர்லெஸும் ஜி.பி.எஸ்ஸும் 12 வோல்ட் கேட்பதால், எலக்ட்ரீஷியன் நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்துவிடுகிறார். அன்று முதல் ஒரு பேட்டரி மட்டும் இரவெல்லாம் உழைக்கிறது. காலையில் ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்டேஜ் மட்டுமே: 28.4 இருக்கிறது, எல்லாம் நலம். உள்ளே பார்த்தால் உழைத்த பேட்டரி 13.6லும் சும்மா இருந்தது 14.8லும் நிற்கும். ஒன்று பட்டினி, இன்னொன்று அஜீரணம். இரண்டும் சீக்கிரம் சாகும், வெவ்வேறு காரணத்தால். பிறகு கெட்டதை மட்டும் மாற்றிப் புதியதைப் பழையதோடு கோத்தால் அது இன்னும் வேகமாகப் போகும். 24இலிருந்து 12க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதே சரியான வழி. மாதம் ஒருமுறை இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைப்பது பாதி வழி. செய்யாததற்குச் செய்வது மேல்.

இவ்வளவும் சரியாக இருந்தும் செல்ப் எடுக்காத படகுகள் இருக்கின்றன. அங்கே குற்றவாளி பெரும்பாலும் பச்சை பூத்த டெர்மினல். உப்புக்காற்றில் இணைப்பின் தடை 0.01 ஓம் கூடினாலும் 300 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே தங்கிவிடும். செல்ப் மோட்டாருக்குக் கிடைப்பது மிச்சம்தான். விளக்கு பிரகாசமாக எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜின் மட்டும் சுழலாது. இதைக் கண்டுபிடிக்க நூறு, இருநூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, மற்றவர் பேட்டரியின் ஈயக் காலுக்கும் அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்புக்கும் இடையே வோல்டேஜ் பார்க்க வேண்டும். சுழியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் பேட்டரி நிரபராதி. பித்தளை பிரஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் தடவினால் வேலை முடிந்தது.

பாக் நீரிணையில் இன்ஜின் கிளம்பாமல் போவது வெறும் பணச் செலவு அல்ல. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வரைந்த கடல் எல்லை ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் அருகிலேயே இருக்கிறது. இன்ஜின் உயிர்பெறாத படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்தக் காலத்துச் சிறிய இன்ஜின்களைக் கைப்பிடி போட்டுச் சுற்றியாவது கிளப்பலாம். இன்றைய பெரிய இன்ஜின்களில் மனிதக் கைக்கு அந்த வலு இல்லை.

பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று அறிவதிலும் ஒரு சூட்சுமம். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கும் வோல்டேஜ்தான் உண்மை பேசும். ஓடும்போது காட்டுவது ஆல்டர்னேட்டரின் எண். வெளிநாட்டு அட்டவணைகள் 12.7 வந்தால் முழுமை, 12.2 வந்தால் பாதி என்கின்றன. அவை 1.280 ஒப்படர்த்தி அளவில் நிரப்பும் குளிர்நாட்டு ஆசிட்டுக்கு எழுதியவை. வெப்ப நாடுகளுக்கென ஆசிட்டின் செறிவைக் குறைத்து 1.240 அளவில் நிரப்புவதும் உண்டு. அப்படிப்பட்ட பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் 12.5 வோல்ட்தான் காட்டும். அட்டவணையை நம்புகிறவர் அதைக் குறைசார்ஜ் என்று நினைத்து மேலும் மேலும் ஏற்றுவார். ஆகவே புது பேட்டரி வாங்கி முழுதாக ஏற்றிய அன்றே, ஒவ்வொரு அறையின் ஹைட்ரோமீட்டர் எண்ணையும் வோல்டேஜையும் பெட்டியின் மூடியில் பெயின்டால் எழுதி வைப்பது நல்லது. அந்தப் படகுக்கு அதுதான் அட்டவணை. மூடியைத் திறக்க முடியாத மெயின்டனன்ஸ்-ஃபிரீ வகையில் இந்த வசதி இல்லை. வோல்டேஜை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்; தண்ணீர் வற்றினாலும் ஊற்ற வழியில்லை. சூடான இன்ஜின் அறைக்கு, பராமரிப்புத் தேவையில்லை என்று விற்கப்படும் பேட்டரியைவிட மூடி திறக்கும் பேட்டரியே நல்லது என்று நினைக்கிறேன். விற்பவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இறுகிய சல்பேட்டைத் துடிப்பு மின்சாரத்தால் உடைப்பதாக விற்கும் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். லேசாகக் கெட்டதைக் குறைந்த ஆம்பியரில் இரண்டு மூன்று நாள் மெதுவாக ஏற்றினாலே ஓரளவு மீட்கலாம். அதற்கும் மசியாததை அந்தக் கருவி எழுப்பும் என்பதை நம்ப எனக்குப் போதிய காரணம் கிடைக்கவில்லை.

கடைசியாக, மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி. பழைய பேட்டரிக்கு ஈயத்தின் விலை உண்டு, 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பும்கூட. அதனால் கடைக்காரர் எடுத்துக்கொள்ளத் தயாராகவே இருப்பார். கொடுப்பதற்கு முன் பேட்டரியை முழுதாக ஏற்றி ஓர் இரவு சும்மா விட்டு, மறுநாள் ஆறு அறையிலும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் கீழே கிடந்தால் அந்த அறை போய்விட்டது, மாற்றிவிடலாம். ஆறும் ஒரே அளவில் நின்று, இன்ஜினைச் சுழற்றும்போதும் பேட்டரிக் காலில் வோல்டேஜ் 9.6க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பணத்தை உடனே எடுக்க வேண்டாம். முதலில் நெகட்டிவ் கேபிள் இன்ஜினோடு சேரும் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் பார்க்கலாம்.